கொடியை மாற்றினால் போதுமா?

என் அக்காள் மகன் ஒருவன் சென்னையில் ஓர் ஆபீஸில் கணக்கு வேலை பார்க்கிறான். மாலையில் மற்றவர்கள் சினிமாவுக்கும் கடற்கரைக்கும் போகிற நேரத்தில் அவன் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு கப்பல் கட்ட உட்கார்ந்துவிடுவான். எல்லாம் முழ நீளத்துக்கு உட்பட்ட கப்பல்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் பெட்டியில் அடைத்து விற்கும் துண்டுகளை வாங்கி, வரைபடத்தைப் பார்த்துச் சீவி, ஒட்டி, கயிறு கட்டி நிறுத்துவான். சென்ற கோடையில் நான் சில நாட்கள் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது மேஜை வெறுமையாக இருந்தது.

"என்னப்பா, கப்பல் தரை தட்டிவிட்டதா?" என்றேன்.

"கப்பலே கிடைக்கவில்லை, மாமா" என்றான்.

அவன் தேடியது 'ஹிஸ்பானியோலா'. ஸ்டீவன்ஸனின் 'புதையல் தீவு' படித்தவர்கள் அந்தப் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து புதையல் தேடிப் புறப்பட்ட கப்பல் அது. தீவை அடைந்ததும் மாலுமிகள் கலகம் செய்து அதைக் கைப்பற்றிக் கறுப்புக் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கப்பல் எந்தக் கடலிலும் ஓடியதில்லை. ஒரு கதாசிரியனின் மனத்தில்தான் ஓடிற்று. அதன் வரைபடம் எந்தச் சுவடிச்சாலையிலும் கிடையாது. ஆகவே, அதற்கு நெருக்கமான ஓர் உண்மைக் கப்பலின் பெட்டியை வாங்கி, அதை வெட்டித் திருத்தித்தான் அந்தக் கற்பனைக் கப்பலை ஆக்கவேண்டும்.

முதலில் அவன் வாங்கிய பெட்டியை எடுத்துக் காட்டினான். மூடியில் ஒரே புகையும் பீரங்கியும் மண்டையோட்டுக் கொடியும். 'காப்டன் கிட்டின் கொள்ளைக் கப்பல்' என்று பெயர் போட்டிருந்தது. துண்டுகளைப் பரப்பிப் பார்த்தபோது, பின்புறத்துச் சித்திர வேலைப்பாடு அவனுக்குச் சந்தேகத்தைத் தந்திருக்கிறது. விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. அது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் காவல் கப்பல். முன்பு 'வாப்பன் ஃபோன் ஹாம்பர்க்' என்ற சொந்தப் பெயரிலேயே விற்கப்பட்ட அதே அச்சு. மூடியையும் கொடியையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள்!

பதினேழாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த கடற்கொள்ளைக்காரர்கள் ஹாம்பர்க் வணிகக் கப்பல்களைப் பிடித்து, மாலுமிகளை அடிமைகளாக விற்றார்கள். அவர்களிடமிருந்து காப்பதற்காக அந்த நகரத்தார் காவல் கப்பல்கள் கட்டினார்கள். அந்தப் பெயர் தாங்கிய முதற் கப்பல் 1669-ல் பணிக்கு வந்தது. அதன் தலைவர் கார்ப்பாங்கர். 1683-ல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் நின்றபோது கப்பலில் தீப்பிடித்தது. அவர் கப்பலை விட்டு இறங்க மறுத்து அதனுடனேயே மடிந்தார். பிறகு வந்த காவல் கப்பல்களுக்கும் அதே பெயரை வைத்தார்கள். கொள்ளையைத் தடுக்கப் பிறந்த அந்தப் பரம்பரைக்குத்தான் கொள்ளைக்காரன் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

காப்டன் கிட்டின் கதையும் விசித்திரமானது. அவன் கொள்ளைக்காரர்களைப் பிடித்துவர இங்கிலாந்து அரசனின் ஆணை பெற்று 1696-ல் புறப்பட்டவன். 1698 ஜனவரியில், கொச்சிக்கு அருகே, வங்காளத்திலிருந்து சூரத்துக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற ஒரு வணிகக் கப்பலை அவனே பிடித்துக்கொண்டான். 1701-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்டான். தான் கொள்ளைக்காரன் அல்ல என்று கடைசிவரை வாதாடினான் என்கிறார்கள். காவலனாகப் புறப்பட்டவன் கள்வனாக முடிந்தான். ஆனால் அது அவன் செய்த வினை. ஹாம்பர்க் கப்பல் என்ன செய்தது?

எனக்குக் கோபம் வந்தது. "இது அநியாயம்! மரத்துக்கு வாய் இல்லை என்பதால் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவதா?" என்றேன்.

அவன் சிரித்தான். "நானும் அதையேதான் செய்யப் போகிறேன், மாமா" என்று இன்னொரு பெட்டியைத் திறந்தான். அதில் இருந்தது 'சுல்தானா'. 1767-ல் பாஸ்டனில் கட்டப்பட்ட இரண்டு பாய்மரத்துச் சிறு கப்பல். அந்த வகைக்கு ஸ்கூனர் என்று பெயர். மறு ஆண்டு ஆங்கிலக் கடற்படை அதை வாங்கி, அமெரிக்கக் கரையோரத்தில் தீர்வை ஏய்ப்பவர்களையும் கள்ளக் கடத்தல்காரர்களையும் பிடிக்க அனுப்பியது. அதுவும் காவல் கப்பல்தான்! அதைத்தான் என் மருமகன் கொள்ளைக் கப்பலாக்கப் போகிறான்.

அப்படியானால் அந்தக் கம்பெனிக்கும் இவனுக்கும் என்ன வேற்றுமை? என் கோபம் எந்த நியாயத்தில் நிற்கிறது? அன்று இரவு இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. விடை, அடுத்த சில இரவுகளில் அவன் மேஜையருகே உட்கார்ந்திருந்தபோது மெல்ல மெல்லக் கிடைத்தது.

சுல்தானா சுமார் ஐம்பது டன் கப்பல். ஹிஸ்பானியோலா இருநூறு டன் என்று கதை சொல்கிறது. டன் என்பது கொள்ளளவு. நீளம், அகலம், ஆழம் மூன்றும் சேர்ந்து வளர்வது. கொள்ளளவு நான்கு மடங்காக வேண்டுமானால் நீளம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே போனால் போதும். பெட்டியில் இருந்த உடற்கட்டை ஒன்பதரை அங்குலம். அசலில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. அதையே நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும். அதாவது, கட்டை அதே கட்டைதான். அதன்மேல் நிற்கும் மனிதனைச் சிறியவனாக்கினால் கப்பல் பெரியதாகிவிடுகிறது.

ஆனால் மனிதன் சிறியவனானால் அவன் நுழைகிற கதவும் சிறியதாக வேண்டும். ஏணிப்படிகள் நெருங்க வேண்டும். இடுப்பளவுச் சுற்றுச்சுவர் தாழ வேண்டும். பீரங்கி, நங்கூரம், படகு, கயிற்றின் பருமன் எல்லாமே மாற வேண்டும். பெட்டியில் வந்த துண்டுகளை அவன் ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுத் தானே செய்துகொண்டான். கடைசியில் மிஞ்சியது அந்த ஒரே கட்டை. அதையும் உளியால் செதுக்கி உருவத்தை மாற்றினான்.

கதையில் சிறுவன் ஜிம், தளத்தில் இருக்கும் ஆப்பிள் பீப்பாய்க்குள் உட்கார்ந்துகொண்டு சதிகாரர்களின் பேச்சைக் கேட்கிறானல்லவா? அந்தப் பீப்பாயை அவன் மூன்று முறை செய்தான். முதல் இரண்டையும் எறிந்துவிட்டான்.

"ஏன்?"

"அதற்குள் ஒரு பையன் உட்கார முடியாது, மாமா."

பீப்பாயின் உயரம் அரை அங்குலம்கூட இல்லை. "யாருக்குத் தெரியப் போகிறது?" என்று கேட்டேன்.

"உண்மைக் கப்பல் என்றால் தவறு செய்தால் வரைபடம் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு வரைபடம் கிடையாது. நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?" என்றான்.

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கதை எழுதி வருகிறவன் நான். கற்பனை என்றால் கட்டுப்பாடு இல்லாதது என்று பொதுவாக எல்லாரும் நினைக்கிறார்கள்; நானும் நினைத்ததுண்டு. சரிபார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில்தான் நேர்மைக்கு வேலை அதிகம் என்று அந்த அரை அங்குலப் பீப்பாய் எனக்குச் சொல்லிற்று.

ஒன்றை எடுத்து வேறொன்றாக மாற்றுவதில் பிழையே இல்லை. அப்படிப் பார்த்தால் நிஜக் கொள்ளைக்காரர்கள் கப்பல் கட்டியதே அரிது. 'பிளாக்பியர்ட்' என்ற கறுப்புத் தாடிக்காரன் 1717-ல் பிரெஞ்சுக்காரர்களின் அடிமை வாணிபக் கப்பல் ஒன்றைப் பிடித்து, பீரங்கிகளைக் கூட்டி, வேறு பெயர் சூட்டித் தன்னுடையதாக்கிக்கொண்டான். கொள்ளைக் கப்பல் என்பதே பெரும்பாலும் பிறர் கப்பலின் மறுபிறப்புத்தான்.

கதைகளும் அப்படியே. ஸ்டீவன்ஸன் தம் கடைசி ஆண்டாகிய 1894-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் 'புதையல் தீவு' பிறந்த விதத்தை ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். கிளியை 'ராபின்ஸன் குரூஸோ'விடமிருந்து எடுத்தேன், எலும்புக்கூட்டைப் போவிடமிருந்து எடுத்தேன் என்று கடனையெல்லாம் கணக்கு ஒப்பிக்கிறார். ஹிஸ்பானியோலா 'பிரிக்' என்ற வேறு வகைக் கப்பலாக இருந்திருக்க வேண்டும். அதை ஓட்டும் விவரம் தமக்குப் போதாததால் ஸ்கூனராக்கிவிட்டதாகவும் ஒப்புக்கொள்கிறார். ஒற்றைக்கால் ஸில்வர் எங்கிருந்து வந்தான்? நோயால் ஒரு காலை இழந்த கவிஞர் ஹென்லி அவருடைய நண்பர். அவருடைய நற்குணங்களையெல்லாம் நீக்கி, வலிமையையும் துணிவையும் உற்சாகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை ஒரு முரட்டு மாலுமிக்குள் புகுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்ததாகச் சொல்கிறார். முக்கியமான விஷயம், அதை அந்த நண்பருக்கே கடிதம் எழுதித் தெரிவித்துவிட்டார்.

நான் தெரிவிக்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். கோயில் பணத்தைக் கையாடும் கணக்குப்பிள்ளை ஒருவர் அதில் வேண்டியிருந்தார். எங்கள் ஊர் நெல் மண்டியில் கணக்கு எழுதிய பெரியவரை அப்படியே எடுத்துக்கொண்டேன். சிறுவயதில் எனக்குப் பழைய பத்திரிகைகளைச் சேர்த்து வைத்துக் கொடுத்தவர் அவர். காதில் செருகிய பென்சில், கூட்டல் போடுமுன் இருமும் இருமல், சிவப்புத் துணியால் ஒட்டுப்போட்ட குடை, எல்லாம் அவருடையவை. திருட்டு மட்டும்தான் என்னுடையது. 'இக்கதையில் வரும் பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே' என்று முதல் பக்கத்தில் வழக்கம்போல் அச்சிட்டிருந்தார்கள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஊர் முழுவதும் அந்தக் கதையைப் படித்தது. அடுத்த முறை நான் போனபோது அவர் மண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நல்ல வெயில். கையில் குடை இல்லை.

"தம்பி, கதை நன்றாயிருக்கிறது. குடையை மட்டும் மாற்றியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் குடை பிடித்து யாரும் பார்க்கவில்லை என்று ஊரார் சொன்னார்கள். சில ஆண்டுகளில் காலமாகிவிட்டார்.

ஹாம்பர்க் கப்பலுக்காகக் கோபப்பட்டேனே, நான் செய்தது என்ன? முழுக் காவல் கப்பலையும் அப்படியே வைத்துக்கொண்டு, உச்சியில் ஒரு கறுப்புக் கொடியைக் கட்டினேன். பெட்டி மூடியில் பெயர் மாற்றிய கம்பெனிக்கும் எனக்கும் வேற்றுமை இல்லை. அந்தக் கப்பலுக்காவது குடை இல்லை, வெயில் இல்லை.

தொடர்கதை பிறகு புத்தகமாக வந்தபோது அந்தக் குடையை நீக்க முயன்றேன். குடையை எடுத்தேன், பென்சிலை எடுத்தேன், இருமலையும் எடுத்தேன். மிஞ்சியதைப் பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லை! அந்தக் கணக்குப்பிள்ளையிடம் நான் செய்ததென்று ஒரு துண்டுகூட இல்லாதிருந்தது. அவர் ஏன் திருடினார், திருடிய இரவில் எப்படி உறங்கினார் என்று நான் யோசித்ததே இல்லை. கடன் வாங்கியதைத் திருப்பிய பிறகுதான் என் கை வெறுங்கை என்று தெரிந்தது. முதலிலிருந்து புதிதாக எழுதினேன். எழுதி முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. அந்த உழைப்பை முன்பே செய்திருந்தால் ஒரு பெரியவர் வெயிலில் நடந்திருக்க வேண்டியதில்லை.

பிறருடையதை எடுக்காமல் எந்தக் கற்பனையும் இல்லை. எடுத்ததை அடிக்கட்டைவரை செதுக்கி மாற்றுவதும், எங்கிருந்து எடுத்தோம் என்று ஒப்புக்கொள்வதும்தான் அதற்கு நாம் கொடுக்கக்கூடிய விலை. கொடியை மட்டும் மாற்றுகிறவன் அந்த விலையைக் கொடுப்பதில்லை. அவனுக்காக வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் கப்பல் முடிந்தது. பீடத்தில் ஏற்றுமுன் என் மருமகன் அதைக் கவிழ்த்துப் பிடித்து, அடிக்கட்டையில் பொடி எழுத்தில் ஏதோ எழுதினான். வாங்கிப் பார்த்தேன். 'இந்தக் கட்டை சுல்தானாவினுடையது' என்று எழுதியிருந்தது.

"பீடத்தில் வைத்துவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாதேடா?" என்றாள் என் அக்காள்.

அவன் பதில் சொல்லாமல் கப்பலை நிமிர்த்தி வைத்தான்.