கனகராயன் ஆற்றோடு

எங்கள் ஊர் எங்கே என்று கேட்டால் ஏ-9 வீதியில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் என்போம். ஊரின் பெயரோடு ஓர் ஆறும் இருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. வீதி அப்படி எங்களை ஆண்டிருக்கிறது. 2002இல் பாதை திறந்தது, 2006 ஆகஸ்டில் பூட்டியது. கல்யாணங்களையும் சீமெந்து விலையையும் ஊரில் இன்னமும் அந்த இரண்டு வருடங்களை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

இந்தப் புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குப் போவதென்று முடிவாயிற்று. பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். அதை விட்டு, கனகராயன் ஆற்றோடு இறங்கி, அது கடலைத் தொடும் சுண்டிக்குளம் வரைக்கும் போய், அங்கிருந்து கரையோரமாக வடக்கே ஏறுவோம் என்று முதலில் சொன்னது யார் என்பதில் இன்னும் இணக்கமில்லை. ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின், அதன் பெட்டி, சில மோட்டார் சைக்கிள்கள். பெட்டிக்குள் பெரியம்மாவும் பிள்ளைகளும்.

சாமான் கட்டியது பெரியம்மா. அரிசி, இடிச்ச மா, தேங்காய், சருவக்குடம், தறப்பாள், மண்வெட்டி. இவ்வளவும் சரி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொலித்தீன் பை: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் எவரும் அந்தப் பையை இறக்கச் சொல்லவில்லை.

*

புரட்டாதியில் ஆறு என்பது மணல். அகலமான, வெள்ளையான, நடுவில் இலைச்சருகு ஒதுங்கிய மணல். இரண்டு கரையிலும் மருது நிற்பதால்தான் அது ஆறு என்று தெரிகிறது. மாங்குளத்துக்குக் கிழக்கே அம்பகாமம் பக்கக் காட்டுக்குள் கிறவல் பாதை அதைச் சந்திக்கும், விடும், மறுபடி சந்திக்கும். சந்திக்கிற இடமெல்லாம் நிறுத்தினோம். ஓரிடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி, அடியில் தண்ணீர். பக்கத்தில் யானை லத்தி, காயாமல். யானை காலால் கிண்டிய ஊற்று அது. நாங்கள் பத்தடி தள்ளி மண்வெட்டியால் கிண்டினோம். முதலில் வந்தது கலங்கல். இறைத்துவிட்டுக் காத்திருந்தால் தெளிவு.

மேலே வெறும் மணல் தெரிகிற நாளிலும் ஆறு கீழே இருக்கிறது. ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது செய்தியே அல்ல. ஆனாலும் கை நனைந்தபோது எவரும் பேசவில்லை.

காட்டுக்குள் வண்டிப்பாதையை விட்டு எவரும் விலகக் கூடாது என்பது லாண்ட்மாஸ்டர்கார அண்ணையின் கட்டளை. மிதிவெடி எடுத்து முடிந்த இடம் என்றால் முடிந்த இடம்தான், ஆனால் கால் அதை நம்புவதற்கு ஒரு தலைமுறை பிடிக்கும். சிறுநீர் கழிக்கப் போகிற பிள்ளையும் ரயர் தடத்துக்குள்ளேயே நின்றது.

*

இரணைமடு. கனகாம்பிகை அம்மன் கோயிலடியில் தறப்பாள் கட்டினோம். 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடித்த குளம், பிறகு பல தடவை கட்டு உயர்த்தப்பட்டது. கிளிநொச்சியின் இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு இதுதான் வயிறு. 2018 டிசம்பரில் வான்கதவு திறந்து வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்த அதே குளம், இப்போது அலைகரையில் இருந்து வெகுதூரம் பின்வாங்கி, வெடித்த சேற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

இங்கே ஆறு முடிந்துபோகிறது என்றே சொல்லலாம். துருசுக்கு இப்பால் அது வாய்க்கால். கணக்குப் பார்த்துத் திறக்கிற, கமக்காரர் கூட்டத்தில் சண்டை பிடிக்கிற தண்ணீர். எங்கள் ஊர்க் காட்டில் எவருக்கும் சொந்தமில்லாமல் வந்தது, ஒரு கட்டைத் தாண்டியதும் முழுக்க உரிமைக்காரர்களோடு போகிறது. வான் பாய்கிற வருடங்களில் மட்டும் மிச்சம் பழைய வழியைத் தேடிக்கொண்டு வடக்கே போகும்.

*

பரந்தன் சந்தியில் திரும்பி முல்லைத்தீவு வீதி. முரசுமோட்டை தாண்டித் தருமபுரம்.

2008 கடைசியில் இதே வீதியால்தான் வந்தோம். அன்றைக்கும் லாண்ட்மாஸ்டர், அன்றைக்கும் பெட்டி, தறப்பாள், சருவக்குடம். கூரைத் தகரம் மட்டும் கூடுதல். வாகனத்தின் வேகமும் ஏறக்குறைய இதேதான். பெட்டிக்குள் பேச்சு நின்றுவிட்டதைப் பிள்ளைகள்தான் முதலில் கவனித்தார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். அமைதி, போர் என்று ஒரு சொல்லில் அடக்கிவிடலாம், ஆனால் உடம்புக்கு அது போதாது. அதே குலுக்கல், அதே புழுதி, அதே தேங்காய்ச் சம்பல் மணம். உடம்பு எதை வைத்து வேறுபடுத்தும்? விடையைப் பெரியம்மா தந்தா, அவவுக்குத் தெரியாமலே. புறப்பட்ட நேரத்திலிருந்து நாளுக்கு நான்கு தரம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி: "தம்பி, எத்தினையாந் திகதி திரும்பிறது?"

அண்ணை அலுத்துப்போய் மறுபடி திகதியைச் சொன்னார். அவ தலையாட்டினா. அன்றைக்கு வரும்போது இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல எவரிடமும் பதில் இருந்திருக்காது. தருமபுரத்தில் ஒரு கிழமை என்றார்கள். பிறகு விசுவமடு, பிறகு கடற்கரை, பிறகு மெனிக் பாம் முகாம். உல்லாசப் பயணம் என்று உலகம் எதைச் சொல்கிறதோ எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்களுக்கு அது திரும்பும் திகதி சொல்லக்கூடிய பயணம். அந்தத் திகதியை அவ கேட்டுக் கேட்டு ருசித்துக்கொண்டு வந்திருக்கிறா. அதற்குப் பிறகு அவ கேட்கும்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

*

தருமபுரத்தில் தார் வீதியை விட்டுக் கல்லாறு வழியாகச் சுண்டிக்குளம். காடு குட்டையாகி, பற்றையாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போகிறது. வற்றிய களப்பின் தரை. உப்புப் பூத்த சாம்பல் வெளி, அதன் முடிவில் வெயிலில் நடுங்கும் ஒரு கோடு. இது 1938இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015இலிருந்து தேசியப் பூங்கா. வாடைக் காலத்தில் பூநாரை இறங்கும் இடம். நாங்கள் போன நேரம் சில கொக்குகள்தான்.

மணலில் லாண்ட்மாஸ்டர் புதையத் தொடங்கியது. எங்களோடு வந்தவர்களில் ஒரு தம்பி கட்டாரில் சாரதியாக இருந்தவன். ஊரில் 'டோகா' என்றுதான் கூப்பிடுவோம். அவன் இறங்கி, ஒன்றும் பேசாமல், பெட்டியின் ரயர்களில் காற்றை இறக்கினான். அண்ணை பதறிப்போனார்.

"காத்து இறக்கினா றிம் வெட்டிப்போடுமடா!"

"மெதுவா ஓடினா வெட்டாது அண்ணை. ரயர் தட்டையாகினா மணலிலை பரவி நிக்கும், தாழாது. அங்கை அராபிகள் எல்லாம் மணலுக்கை இறங்க முந்திச் செய்யிற வேலை இதுதான். நிப்பாட்டாமல் விடுங்கோ, திருப்பிறதெண்டா அகலமா எடுங்கோ."

வெள்ளிக்கிழமைகளில் முதலாளியின் குடும்பத்தைப் பாலைவனத்துக்கு ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் மணல்மேட்டில் வண்டி ஏற்றி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவனுடைய வேலையில் ஒரு பகுதி. அந்த ஆட்களுக்கு மணல் என்றால் வாரக் கடைசி. அவனுக்குச் சம்பளம். இங்கே சுண்டிக்குளத்தில் முதல் தடவையாக அவன் தன்னுடைய ஆட்களுக்காக மணலில் வண்டி விடுகிறான். லாண்ட்மாஸ்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்த விதத்திலேயே அது தெரிந்தது.

தொடுவாயை மணல் அடைத்திருந்தது. மேலே நடந்து தாண்டினோம். ஊரிலிருந்து பின்தொடர்ந்த ஆறு இந்த இடத்தில் கடலாகியிருக்க வேண்டும். ஆனால் கடலுக்கும் அதற்கும் இடையில் ஒரு மணல் திட்டு, மழை வரட்டும் என்று.

*

இந்த மணல் திட்டில் நின்றுதான் ஒரு பழைய கனவைப் பேச வேண்டும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு'. கனகராயன் ஆறும் மற்ற ஆறுகளும் களப்பில் சேர்க்கிற மழைத் தண்ணீர் சுண்டிக்குளத்தால் கடலுக்குப் போகாமல் அணை கட்டித் தடுப்பது. ஆனையிறவுக் களப்பை நன்னீராக்குவது. முள்ளியானில் வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் களப்புக்குக் கொண்டுபோவது. அங்கிருந்து குடாநாட்டின் நிலத்தடிக்கு. பேராறு இல்லாத குடாநாட்டுக்கு எங்கள் ஊர் ஆறு. சுண்டிக்குளத்தில் அணை எழுந்தது, பிறகு வெள்ளம் அதை உடைத்தது. முள்ளியான் வாய்க்கால் முழுமையாகவில்லை.

போருக்குப் பிறகு இரணைமடுவிலிருந்து குழாயில் கொண்டுபோகலாம் என்று வேறு திட்டம் வந்தது. கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தார்கள். சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாதவன் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. கிணற்றில் உவர் ஏறியவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆற்றின் தலைமாட்டில் இருக்கிற எங்களை இரண்டு பக்கமும் கேட்கவில்லை என்பது வேறு கதை.

திட்டை விட்டுக் கரையோரமாக வடக்கே ஏறினோம்: கட்டைக்காடு, வெற்றிலைக்கேணி, உடுத்துறை. உடுத்துறையில் 2004 சுனாமி நினைவிடத்தில் இறங்கிக் கும்பிட்டோம். மருதங்கேணி தாண்டித் தாளையடியில் அந்தத் தண்ணீர்ச் சண்டையின் முடிவு கரையோரம் நிற்கிறது: கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். 2024 ஆகஸ்டில் திறந்தது, நாளுக்கு 24,000 கன மீற்றர். கடலுக்குள் போகிற மழையைத் தடுக்க முடியாமல், கடைசியில் கடலையே வடிகட்டிக் குடிக்கிறோம். மின்சாரச் செலவைப் பற்றி டோகா ஏதோ சொன்னான். கட்டாரிலும் குடித்தது கடல்தானாம்.

*

நாகர்கோவிலைத் தாண்டும்போது எவரும் படம் எடுக்கவில்லை. ஒன்பது வருடம் முன்னரங்காக இருந்த மண்.

மணற்காடு உண்மையில் பாலைதான். பிள்ளைகள் உச்சிக்கு ஓடி உருண்டார்கள். பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள் பாதி முங்கி நிற்கிறது: சுவர் இருக்கிறது, கூரை இல்லை. காற்று மணலை ஊருக்குள் தள்ளுவதைத் தடுக்கத்தான் சவுக்கு நட்டார்கள். ஆனால் இந்த மணல் வெறும் தொல்லை அல்ல. பெய்கிற மழையை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரைவிட இலேசு என்பதால் அதன்மேல் மிதந்து தங்கும். கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் ஆழமில்லாத கிணற்றில் தேநீர் வைக்கக்கூடிய தண்ணீர் வருவது அதனால்தான். குடத்தனைப் பக்கம் இரவில் ரிப்பரில் ஏறிப் போவது மணல் மட்டுமல்ல என்று அள்ளுகிறவனுக்கும் தெரிந்திருக்கும். தெரியாமல் இருந்தால் பகலில் அள்ளுவானே.

*

வல்லிபுரத்தில் சனம். 1936இல் வசப மன்னன் காலத்துப் பொன்னேடு கிடைத்த இடம் இது. அவ்வளவு பழைய ஊர் இப்போது மணலுக்குக் கீழே. தீர்த்தத்துக்கு ஆழ்வார் மணல்மேடுகளைத் தாண்டிக் கடலுக்குப் போகிறார், பின்னால் ஆயிரக்கணக்கில் ஆட்கள், கணுக்கால் புதையப் புதைய. டோகாவுக்கு இங்கே வேலையில்லை, எல்லாரும் நடை.

திரும்பும் நாளில் பருத்தித்துறையில் ரயருக்குக் காற்று அடித்து, தார் வீதியில் ஏறினோம். கச்சான் கொறித்துக்கொண்டிருந்த பெரியம்மா அடுத்த வருடத்தைத் தொடங்கிவிட்டா: கதிர்காமம். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை என்று ஒரு மாதத்துக்கு மேல் நடந்து, யால காட்டைக் கடந்து போகிற யாத்திரை.

"நடப்பான் ஏன் பெரியம்மா? பெட்டியிலை ஏத்திக்கொண்டு போறன்," என்றார் அண்ணை.

"உகந்தைக்கு அங்காலை உன்ர மெசினை விடமாட்டாங்கள். நீயும் இறங்கி நடக்கத்தான் வேணும்."

"என்னாலை ஏலாது."

"அப்ப சாமானைச் சுமக்கிறது ஆர்?" என்றா பெரியம்மா. இரணைமடுச் சந்தி தாண்டும்வரை அதே வாக்குவாதம்தான்.