காத்திருக்க வேண்டியவர் யார்?

அமெரிக்காவில் காட்டு வான்கோழியின் வசந்தகால வேட்டை தெற்கு மாநிலங்களில் மார்ச் மாதமே தொடங்கிவிடும். வடக்கே போகப் போக ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் என்று தள்ளிப்போகும். வேட்டைக்காரர் விடியலுக்கு வெகு முன்பே காட்டுக்குள் நுழைந்து, முகம் உட்பட உடல் முழுவதையும் இலைநிறத் துணியால் மூடிக்கொண்டு, ஒரு பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். மரக்கிளையில் அடைந்திருக்கும்போதே சேவல் கூவத் தொடங்கும். அது தரையில் இறங்கியதும் இவர் பெட்டையின் குரலில் பேச ஆரம்பிப்பார். அதற்கு அண்ணத்தில் பொருத்திக்கொள்ளும் ரப்பர் சவ்வு உண்டு, பலகைக்கல்லும் குச்சியும் உண்டு, மூடியை உரசிச் சத்தமெழுப்பும் மரப்பெட்டி உண்டு. குரலை நம்பிவிட்ட சேவல் தோகையை விரித்து, இறக்கை நுனிகள் சருகில் உரச, தலையும் கழுத்தும் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மாற, அடி அடியாக நெருங்கி வரும். ஏறக்குறைய 40 கஜத்துக்குள் வந்து கழுத்தை நிமிர்த்தும்போது தலையைக் குறிவைத்து ரவைத் துப்பாக்கியால் சுடுவார். இப்படிக் கொல்லலாமா என்பது பழைய, பெரிய கேள்வி. வேட்டைப் பருவம் திறக்கும் முதல் நாளிலேயே கொல்லலாமா என்பது அதைவிடச் சிறியது. ஆனால் சிறிய கேள்விக்கு விடை தேடும்போதுதான் வேட்டைக்குச் சொல்லப்படும் நியாயங்களில் எது நிற்கும், எது நிற்காது என்பது தெரியவரும்.

கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த குறளின் வழி நிற்பவருக்கு நாள் எது என்பது பொருட்டல்ல. எந்த நாளும் ஆகாது. உள்முரண் இல்லாத நிலைப்பாடு அது. ஆனால் அதன்படி வாழ்பவர்கள் தமிழ்நாட்டிலும் குறைவு, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலும் குறைவு. கோழிக்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே வேட்டைக்காரரைப் பழிப்பவர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பண்ணைகளில் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி வான்கோழிகள் இறைச்சிக்காக வளர்க்கப்படுகின்றன. மார்புக் கறிக்காகவே பெருக்கப்பட்ட அந்த வெள்ளை இனத்தின் சேவல் தன் உடல் பருமனால் இயல்பாக இணைசேர முடியாது. இனப்பெருக்கம் முழுவதும் செயற்கைக் கருவூட்டலால் நடக்கிறது. ஐந்து மாதம் நிறையும் முன்பே பெரும்பாலானவற்றின் கதை முடிந்துவிடும். காட்டுச் சேவலோ இரண்டு, மூன்று ஆண்டுகள் தன் விருப்பப்படி திரிந்து, தன் காலில் நடந்து வந்து சாகிறது. கொல்லப்படும் உயிரின் வாழ்வை வைத்து எடைபோட்டால் வேட்டைக்காரரின் தட்டு தாழ்ந்துவிடாது. ஆனாலும் பண்ணை மோசம் என்பதால் காட்டில் நடப்பதெல்லாம் நியாயமாகிவிடாது. பண்ணையோடு ஒப்பிட்டே தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்பவர் மிகத் தாழ்ந்த அளவுகோலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

வசந்தகால வேட்டையைக் கேள்விப்பட்டதும் நம்மில் பலருக்கு உறுத்துவது கொலையைவிட அதன் நேரமாகத்தான் இருக்கும். இணையும் விலங்கைக் கொல்வது தனிப் பாவம் என்பது நம் கதைமரபில் ஊறிய உணர்வு. மான் உருவில் இணைந்திருந்த முனிவரை அம்பெய்த பாண்டுவுக்குக் கிடைத்த சாபம்தான் பாரதக் கதையின் பாதியைத் தொடங்கிவைக்கிறது. இந்த உணர்வை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. இணைசேரும் காலத்தைக் காப்பது எந்த வேட்டைச் சமூகத்துக்கும் தேவையான விவேகம். ஆனால் காட்டு வான்கோழி விஷயத்தில் உயிரியல் நேர்மாறாகப் பேசுகிறது. இலையுதிர்காலத்தில் பல மாநிலங்கள் ஆண், பெண் இரண்டையும் சுட அனுமதிக்கின்றன. அப்போது சாகும் ஒவ்வொரு பெட்டையோடும் அடுத்த ஆண்டின் முட்டைகளும் போகின்றன. வசந்தத்தில் சேவலை மட்டுமே, அல்லது மார்பில் குதிரைமயிர் போன்ற தாடி தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். தாடியுள்ள பெட்டையும் எப்போதாவது உண்டு. சட்டம் அந்த ஓட்டையைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும். ஒருமுறை கூடிய பெட்டை அந்த விந்தைச் சேமித்துவைத்துப் பல வாரங்கள் கருவுற்ற முட்டை இடும். சில சேவல்கள் குறைந்தால் கூட்டம் குறையாது என்பதே வசந்தகால வேட்டையின் அடித்தளம். உணர்வுக்கு அதிகம் உறுத்தும் பருவமே இனத்துக்குக் குறைந்த சேதம் செய்யும் பருவமாக அமைந்திருக்கிறது.

வேட்டைக்காரர் தரப்பின் இரண்டாவது வாதம் இதைவிட வலுவானது. அவர்கள் இல்லாவிட்டால் இன்று இந்தப் பறவையே இல்லை என்கிறார்கள். பெருமளவுக்கு உண்மை. காடழிப்பும் கட்டுப்பாடற்ற சந்தை வேட்டையும் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இப்பறவையை 2 லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்திருந்தன. மாசசூசெட்ஸில் 1851-க்குப் பிறகு ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் நீளத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரியை மாநிலங்களின் வனவுயிர்ப் பணிக்கென ஒதுக்கியது. பண்ணையில் வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். காட்டறிவு இல்லாத அவை நரிக்கும் குளிருக்கும் இரையாயின. 1950-களில் தூண்டில்தீனி போட்டு, பீரங்கி போன்ற குழாய்களால் வலையை வீசி, காட்டுப் பறவைகளையே பிடித்து இடம்மாற்றும் வழி கைகூடியது. அதன் பிறகுதான் கணக்கு மாறியது. நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்த 37 பறவைகள் 1972–73-இல் மாசசூசெட்ஸின் மலைப்பகுதியில் விடப்பட்டன. இன்று பாஸ்டன் புறநகர்த் தெருக்களில் அவற்றின் வாரிசுகள் காரை மறிக்கின்றன. 1976-இல் விஸ்கான்சின் தன் காட்டுக்கௌதாரிகளைக் கொடுத்து மிசௌரியிடம் வான்கோழிகளை வாங்கிக்கொண்டது. இப்போது நாடு முழுவதும் 60 லட்சம் அளவில் இருக்கின்றன. இதற்கான செலவின் பெரும்பகுதி உரிமக் கட்டணத்திலிருந்தும் அந்த வரியிலிருந்தும் வந்தது. ஆனால் பணம் கட்டியவர் பறவையை விலைக்கு வாங்கிவிடவில்லை. அமெரிக்கச் சட்ட மரபிலேயே வனவுயிர் யாருக்கும் சொந்தமில்லை. மக்களுக்காக அரசு அறங்காவலராக இருந்து காக்கும் பொதுச் சொத்து. கோயிலுக்கு நிலம் எழுதிவைத்தவர் உண்டியலைத் திறக்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்கமுடியாது. மீட்புக்கு வேட்டைக்காரர் செய்த உதவி அவருக்கு ஒரு பங்கைத் தருகிறது. அந்தப் பங்கை எப்போது எடுப்பது என்பதில் அவருக்குச் சிறப்புரிமை எதையும் தரவில்லை.

எப்போது என்பதில்தான் முதல் நாள் சிக்கலாகிறது. பெட்டை நாளுக்கு ஒன்றாக ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு, பிறகு 28 நாள் அடைகாக்கும். குளிர்காலக் கூட்டம் கலையும்போது ஒருமுறையும், பெட்டைகள் அடையில் உட்கார்ந்ததும் இன்னொரு முறையும் சேவல்களின் கூவல் உச்சத்தைத் தொடும் என்று உயிரியலாளர்கள் நெடுநாள் சொல்லிவந்தார்கள். பருவத்தை இரண்டாம் உச்சத்தையொட்டித் திறப்பதே பழைய பரிந்துரை. அப்போது கூடல் பெரும்பாலும் முடிந்திருக்கும், பெட்டைகள் புதருக்குள் ஒளிந்திருப்பதால் தவறுதலாகச் சுடப்படமாட்டா, துணையில்லாத சேவல்கள் அழைப்புக்கு எளிதில் வரும். பறவை பெருகப் பெருக, தெற்கில் பல இடங்களில் தேதி முன்னே நகர்ந்தது. 2000-களுக்குப் பிறகு அதே பகுதிகளில் குஞ்சுகள் குறையத் தொடங்கியபோது சந்தேகம் தேதியின் மீது விழுந்தது. வான்கோழிச் சேவல்களுக்குள் கறாரான படிநிலை உண்டு. கலிஃபோர்னியாவில் நடந்து 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உடன்பிறந்தவையாகச் சேர்ந்து ஆடும் சேவல்களில் தலைமை வகிப்பது மட்டுமே இணைசேர்கிறது, மற்றது உடன்பிறந்ததின் குஞ்சுகள் வழியாகவே தன் வம்சத்தைக் கடத்துகிறது என்று காட்டியது. மயிலைப் பார்த்துப் பழகிய நகல் என்று நாம் ஏளனம் செய்யும் அந்த ஆட்டத்துக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது. கூடல் முடியும் முன்பே தலைமைச் சேவலை எடுத்துவிட்டால் பெட்டைகள் தயங்கும், முட்டையிடுதல் தள்ளிப்போகும் என்பது ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லின் போன்றோர் எழுப்பிய ஐயம். ஜார்ஜியா 2022-இல் தொடக்கத்தை ஏப்ரலின் முதல் சனிக்கிழமைக்கு மாற்றி, ஒருவருக்கு மூன்று என்ற வரம்பை இரண்டாக்கியது. டென்னசி 2023-இல் இரண்டு வாரம் தள்ளிவைத்தது.

இங்கே எதிர்வாதம் கூர்மையாக வருகிறது. டென்னசியின் தென்பகுதியில் சில மாவட்டங்களில் முன்கூட்டியே இரண்டு வாரத் தாமதத்தைச் சோதித்துப் பார்த்தபோது, கூடுகளின் வெற்றியும் குஞ்சுகளின் எண்ணிக்கையும் எதிர்பார்த்தபடி உயரவில்லை. ஆதாரம் இல்லாதபோது எதற்காகத் தேதியைத் தள்ள வேண்டும்? நேர்மையான கேள்விதான். தாமதமே சரிவைத் தடுத்துவிடும் என்று இனி யாரும் அடித்துச் சொல்லமுடியாது. வாழிடச் சீர்கேடும் கூடு சூறையாடும் ரக்கூன்களும் இன்னும் பெரிய காரணமாக இருக்கலாம். ஆனால் இதிலிருந்து முதல் வாரமே சுடலாம் என்ற முடிவுக்குப் போவதில் ஒரு தாவல் இருக்கிறது. ஐயம் எந்தப் பக்கமும் தீராதபோது அதன் சுமையை யார் மேல் ஏற்றுவது என்பது அறிவியல் தீர்த்துவைக்கும் கேள்வி அல்ல. தாமதம் தேவையற்றது என்று பின்னால் தெரியவந்தால் வேட்டைக்காரர் இழந்தது இரண்டு வாரம். அதுவும் இழப்புகூட அல்ல, வெறும் ஒத்திவைப்பு. தாமதம் தேவைப்பட்டது என்று பின்னால் தெரியவந்தால் இழந்தது ஒரு தலைமுறைக் குஞ்சுகள். வாழ்வாதாரமே இந்த இறைச்சியை நம்பியிருந்தால் தராசு வேறுவிதமாகச் சாயலாம். இன்றைய வசந்தகால வேட்டை ஒரு பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்காகக் கொல்பவர் ஐயத்தின் பலனைத் தனக்குக் கேட்பது அதிகப்படி. இனத்தின் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒற்றைப் பறவையைப் பார்த்தாலும் இது பொருந்தும். கூடல் முடிந்தபின் சுடப்படும் சேவல், எதற்காக அந்தக் குரலை நம்பி நடந்து வந்ததோ அதை ஏற்கெனவே அடைந்திருக்கிறது. பாண்டுவின் கதையிலுள்ள உறுத்தலுக்கு இன்றைய சட்டமொழியில் சொல்லக்கூடிய பதில் இந்தத் தாமதம்தான்.

முதல் நாளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதைத் தேதி மாற்றத்தால் தீர்க்கமுடியாது. 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் மன்றம் முதல் இன்றுவரை அமெரிக்க வேட்டையறத்தின் மையக் கருத்து, விலங்குக்குத் தப்பிக்க மெய்யான வாய்ப்பு இருக்கவேண்டும் என்பது. அழைத்துச் சுடும் வேட்டையில் அந்த வாய்ப்பு பறவையின் சந்தேகத்தில்தான் இருக்கிறது. அதன் கண்பார்வை அபாரம், ஒரு விரல் அசைவுக்கே ஓடிவிடும் என்று சொல்வார்கள். ஆனால் பொய்க்குரலுக்குக் காது பழக வேண்டுமே! வேட்டை தொடங்கிய பின் கூவல் மளமளவென்று குறைவதை, வேட்டை நடக்கும் இடத்தையும் நடக்காத இடத்தையும் ஒப்பிட்ட தெற்குப் பகுதி ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. பருவக் கடைசியில் பறவை காட்டும் அறிவு முதல் சில நாள்களில் செத்தவற்றைப் பார்த்தும் கேட்டும் வந்த அறிவு. வேட்டைக்காரர் மெச்சிப் பேசும் தந்திரசாலிப் பறவை முதல் நாள் காலையில் காட்டில் அவ்வளவாக இருப்பதில்லை. பொது நிலங்களில் அன்றைக்குத்தான் ஒரே மேட்டில் நாலைந்து பேர் மோதிக்கொள்வதும், முந்திவிடும் அவசரத்தில் தொலைவிலிருந்தே சுட்டுக் காயப்படுத்துவதும், இன்னொருவரின் பொய்க்குரலைப் பறவை என்று நம்பி மனிதரைச் சுடும் ஆபத்தும் கூடுகின்றன. சிவப்பு, வெள்ளை, நீலம் எந்த உடையிலும் தெரியக்கூடாது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவது இதற்காகத்தான். டங்ஸ்டன் ரவை வந்தபின் 40 கஜம் 60 கஜமாக நீண்டு, அருகே வரவழைப்பதுதான் கலை என்ற பேச்சும் நீர்த்துவருகிறது.

முதல் நாளை எங்கே வைத்தாலும் அது முதல் நாளாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். உண்மை, அதனால்தான் தள்ளிவைப்பது மட்டும் போதாது, கூட்டத்தைப் பிரிக்கவும் வேண்டும். விஸ்கான்சின் இதற்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. பருவத்தை ஏழேழு நாளாக ஆறாகப் பகுத்து, பகுதிவாரியாகக் குலுக்கலில் அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். முதல் வாரம் கிடைத்தவருக்கு முதல் வாரம். கிடைக்காதவர் மே மாதம் போகலாம், மிஞ்சிய சீட்டை வாங்கலாம். உரிம வருமானம் வறண்டுவிடவில்லை. வேட்டையைக் குறைத்தால் வனவுயிர்ப் பாதுகாப்புக்குப் பணமிருக்காது என்ற அச்சத்துக்கு இதுவே விடை. பென்சில்வேனியா பதுங்கிப்போய்ச் சுடுவதைத் தடுத்து, அழைத்து மட்டுமே வேட்டையாடச் சொல்கிறது. பருவத்தின் முதல் பாதியில் நண்பகலோடு நிறுத்திவிடச் சொல்கிறது. அலபாமா முதல் பத்து நாளுக்குப் சேவலைக் கவர்ந்திழுக்க வைக்கும் பறவைப் பொம்மைகளைத் தடைசெய்தது. இவை ஒவ்வொன்றும் முதல் நாளின் வெறியைச் சற்றுத் தணிக்கும் ஏற்பாடு. தலைமுறைகளாகக் குடும்பமாகக் கூடும் நாளை இப்படித் துண்டாக்குவதா என்ற மனத்தாங்கலை மட்டும் எளிதில் ஒதுக்கமுடியாது. ஆனால் மிசௌரியின் நவீன வசந்தகால வேட்டையே 1960-இல் மூன்று நாள், 14 மாவட்டம் என்ற அளவில்தான் தொடங்கியது. இந்த மரபு கட்டுப்பாட்டில் பிறந்தது. மேலும் கட்டுப்படுத்தினால் செத்துப்போகும் என்று வாதிட அதன் வரலாறு இடம்தரவில்லை.

கடினமான இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. மிசௌரி, விஸ்கான்சின் உட்படப் பல மாநிலங்கள் பெரியவர்களுக்குப் பருவம் திறக்குமுன் ஒரு வாரக்கடைசியைச் சிறுவர் சிறுமியருக்கு ஒதுக்குகின்றன. இன்னும் சுடப்படாத, இன்னும் சந்தேகம் கற்காத பறவைகள் குழந்தைக்குக் கிடைக்கட்டும் என்பது நல்லெண்ணம்தான்; கூட்டமில்லாத காடு பாதுகாப்பானதும்கூட. எனினும் தேதி குறித்த வாதம் பெரியவர்களுக்குப் பொருந்தினால் இதற்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும், ஏனெனில் இது அதைவிட முந்தியது. அந்த இரண்டு நாளையும் மே மாத நடுவுக்கு நகர்த்தி, அவ்விரு நாளும் பெரியவர்கள் துப்பாக்கி இல்லாமல் பக்கத்தில் உட்காரட்டும் என்று விதிவைத்தால் பாதுகாப்பு குறையாது, தனிமையும் கெடாது. பறவை கொஞ்சம் கடினமாகும், பல குழந்தைகள் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். இதைப் பெற்றோர்தான் முதலில் எதிர்ப்பார்கள்.