மக்கட்பிறப்பு ஒழிந்த உலகம்

டூகல் டிக்ஸன் என்னும் ஸ்காத்லாந்து நாட்டு நிலநூலறிஞர், மக்களினம் மாய்ந்து ஐந்து கோடி ஆண்டு கழிந்த உலகை 1981-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிற் கற்பித்துக் காட்டினார். ஆங்கே முயலின் வழிவந்தவை மான்போல் நெடிய உருப்பெற்று மேய்கின்றன; எலியின் வழிவந்தவை ஓநாயின் தொழிலை மேற்கொண்டு அவற்றை வேட்டையாடுகின்றன. கற்பனையேயாயினும் நெறி தவறியதன்று. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பேரூர்வன அழிய, அவை நின்ற இடத்தைச் சிறு பாலூட்டிகளின் வழியினவே நிரப்பின.

சித்தாந்திக்கு ஈண்டு ஒரு தடை எழும். இறைவனை அறிந்து வழிபட்டு உய்தற்கு மக்கட்பிறப்பே வாயிலெனின், அவ்வுலகத்து உயிர்கள் என்னாம்? ஆனைக்காவிற் சிலந்தி வழிபட்டிலதோ என்பாருளர். அச்சிலந்தியும் கோச்செங்கட் சோழராய்ப் பிறந்தன்றோ திருக்கோயில்கள் பல எடுத்தது! அவ்விடை போதாது.

உயிர் அநாதி, உடம்போடு திரிவதன்று. உடம்போ மாயையின் காரியம். வினைக்கீடாக இறைவனாற் கூட்டப்படுவது. அறிவு விளங்குதற்குரிய கரணங்களை வேறோர் உருவினும், வேறொரு புவனத்தினும் கூட்ட அவன் வல்லன். ஆகலின் வாயில் முற்றும் அடைபடாது.

ஆயினும் அவ்வழிவு நம் கைச்செயலான் நேருமேல், நாளை இவ்வுடம்பிற்கு வரவிருந்த உயிர்களை நெடுங்காலம் பிறவியிற் சுழலவிட்ட வினை யாரைச் சாரும்? அதனை நுகர்தற்கு, அவ்வெலிகளின் முன் முயலாய் ஓடுவாரும் நாமேயாதல் கூடும்.