அறுந்த இடத்திலிருந்து

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்வதில்லை. கைப்பேசியில் ஒரு விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த யோசனை வருகிறது. இணைப்பு மெதுவாக இருப்பது ஒரு தொல்லை. பக்கத்தின் அமைப்பு கோணலாக இருப்பது இன்னொரு தொல்லை. இரண்டும் ஒரே திரையில் வந்து நிற்பதால், "நெட் சரியில்லை" என்று ஒரே பெருமூச்சில் முடித்துவிடுகிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்குப் பொறுமை மருந்து. மற்றதற்குப் பொறுமையே நோய்.

முதல் தொல்லை நமக்குப் பழையது. ஜவுளி வியாபாரம் செய்தவர்கள் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த காலம் ஒன்று இருந்தது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். அவசரத்துக்குத் தகுந்த காசு. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட பிறகும் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் எல்லாம் வந்தது. அந்தக் காலத்து 56 கேபிபிஎஸ் மோடம் முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு நொடிக்கு 7 கிலோபைட்தான் இறங்கும். இன்றைக்கு ஒரு சாதாரண இணையப் பக்கம் 2 எம்பி இருக்கிறது. அதை அந்த மோடத்தில் திறந்தால் ஐந்து நிமிடம் ஆகும்.

பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 2004இல் 256 கேபிபிஎஸ் இருந்தால் போதும் என்றது அரசு. 2013இல் அது 512 ஆனது. 2023இல் 2 எம்பிபிஎஸ். அளவுகோல் எட்டு மடங்கு உயர்ந்தது, கூடவே பக்கங்களின் எடையும் ஏறியது. அதனால்தான் வேகம் கூடிய பிறகும் காத்திருப்பது குறையவில்லை.

எங்கள் ஊரான பள்ளிபாளையத்தில் இதற்கு உள்ளூர்க் காரணங்களும் உண்டு. ஒரு டவர் தரும் அலைவரிசை அந்தப் பகுதியில் இருக்கிற எல்லோருக்கும் பங்கு. ராத்திரி எட்டு மணிக்கு ஊரே வீடியோ பார்க்கும்போது நம் பங்கு சுருங்கிவிடும். தறிக் கூடங்களில் பல தகரக் கூரை போட்டவை. தகரம் அலையை மறைக்கும். ஓடிபி வர வேண்டுமென்றால் கூடத்தைவிட்டு வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். இதில் யார் மேல் கோபப்பட? கம்பிக்கும் அலைக்கும் எல்லை உண்டு. மழை வராததற்கு யாரையும் திட்ட முடியாததுபோல இதற்கும் முடியாது.

இதைச் சமாளிக்க ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து வேலையை முடிப்பது ஒன்று. நீளமாக எழுத வேண்டியதை முதலில் நோட்பேடில் எழுதிவைத்து, பிறகு எடுத்து ஒட்டுவது இன்னொன்று. போட்டோவையும் கையெழுத்தையும் முன்கூட்டியே சின்னதாக்கி ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்வார்கள். கட்டணம் கட்டியதும் அந்தத் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுவார்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள்வரை தள்ளிப்போட மாட்டார்கள். இவையெல்லாம் நல்ல பழக்கங்கள். குறைவானதை வைத்து நிறைவாகச் செய்வது ஒரு கைத்திறன். அதில் எனக்கு வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

என் வருத்தம் இரண்டாவது தொல்லையைப் பற்றியது.

எங்கள் வீதியில் தறி ஓட்டும் அக்கா ஒருவர், மகளின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க என்னிடம் வந்தார். பகல் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு நேராக வந்திருந்தார். "தம்பி, இதெ ஒருக்காப் பாரு சாமி" என்று கைப்பேசியை நீட்டினார். முதல் கட்டத்தில் மகளின் பெயரைப் போட்டோம். அடுத்த கட்டத்தில் கடைசிப் பெயர் கேட்டது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், அதாவது நிரப்பாமல் நகர முடியாது. "எம்புள்ளைக்கு ஒரே பேருதான, இன்னொன்னுக்கு எங்க போறது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இனிஷியலும் பெயரும் வைத்துக்கொண்டு ஒரு மாநிலமே வாழ்கிறது. ஒற்றை எழுத்தைப் போட்டால் ஏற்காது. அப்பா பெயரைப் போட்டால் மதிப்பெண் சான்றிதழோடு ஒத்துப்போகாது. எப்படியோ அதைத் தாண்டி மாவட்டம் நாமக்கல் என்று தேர்ந்தெடுத்ததும் பக்கம் ஒருமுறை துள்ளியது. மேலே நிரப்பியதில் பாதி காலி. போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டுமாம். அவர் கைப்பேசி எடுக்கும் படமோ நான்கு எம்பி. அதைச் சுருக்கி ஏற்றும் நேரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: செஷன் எக்ஸ்பயர்டு.

"மறுக்கா மொதல்ல இருந்தா?" என்றார். நான் தலையாட்டினேன். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "நம்மளுக்குத்தான் ஒன்னும் தெரீல."

அந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. ஒரே நேரத்தில் நான்கு தறியைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அந்த இரைச்சலில், எந்தத் தறியில் சத்தம் மாறுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார். அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தைச் செய்தவருக்குத்தான் அவரைத் தெரியவில்லை.

அவர் ஓட்டும் தறியையே எடுத்துக்கொள்வோம். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். தாரை மாற்றி, நாடாவைப் பெட்டியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து ஓட்டலாம். பாவு இழை அறுந்தால் பிணைத்து, விழுதிலும் அச்சிலும் கோத்துவிட்டு மறுபடி ஓட்டலாம். நெய்தது நெய்ததுதான். நூல் அறுந்ததற்காக முதல் மீட்டரிலிருந்து நெய்யச் சொல்லும் தறி உலகத்தில் இல்லை. நூல் அறும் என்று தெரிந்தே செய்த இயந்திரம் அது. இணைப்பும் நூலைப்போல அறுவதுதான். அது தெரிந்தும், அறுந்தவுடன் எல்லாவற்றையும் அழிக்கிற பக்கத்தைச் செய்து வைத்தால் பழி இணைப்பின் மேல் வராது.

பாதுகாப்புக்காகத்தான் நேரம் முடிந்ததும் மூடுகிறோம் என்பார்கள். பிரவுசிங் சென்டரில் ஒருவர் எழுந்து போனபின் அடுத்தவர் அவர் கணக்கில் நுழைந்துவிடக் கூடாது, சரிதான். கதவைச் சாத்தட்டும், எழுதியதை ஏன் கிழிக்க வேண்டும்? பாதி எழுதிய மின்னஞ்சல் தானாகச் சேமிக்கப்படுவதை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்க்கிறோம். வித்தை தெரியாமல் இல்லை, அக்கறைதான் இல்லை.

அக்கறை வந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. திரை பதில் தர பத்து நொடிக்கு மேல் ஆனால் மனிதரின் கவனம் சிதறிவிடும் என்று, பயன்பாட்டு எளிமையை ஆராய்பவரான ஜேகப் நீல்சன் 1993லேயே எழுதிவிட்டார். 2015இல் ஃபேஸ்புக் நிறுவனம் தன் ஊழியர்களுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் தளத்தைப் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பைக் கொடுத்தது. இந்தியா போன்ற நாடுகளில் மக்கள் படும் பாடு தெரிய வேண்டும் என்பதற்காக. நம் அரசும் 2009லேயே அரசு இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2023இல் அதன் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது.

பொறுக்காமல் கேட்டால் மாறும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2021 ஜூனில் கொரோனா தடுப்பூசிக்கான கோவின் தளத்தில் மாநில மொழிகளைச் சேர்த்தபோது தமிழ் விடுபட்டிருந்தது. தமிழ்நாடு குரல் எழுப்பியதும் சேர்க்கப்பட்டது. ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் பாதிக்கப்பட்டவர்களை, வங்கி, சிம் கார்டு எதற்குப் போனாலும், கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொன்னார்கள். சிமிட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அளித்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி முறையை எல்லோருக்கும் ஏற்றபடி மாற்ற 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. கண் சிமிட்டச் சொல்வது ஒரு நிரலில் இருக்கும் ஒரு வரிதான். அந்த ஒரு வரியை எதிர்த்து நாட்டின் தலைமை நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

கேட்கிற குரல் யாருடையது என்பதும் இதில் முக்கியம். 2018 பிப்ரவரி 1 அன்று சரக்குப் போக்குவரத்துக்கு இ-வே பில் கட்டாயம் என்றார்கள். முதல் நாளே தளம் படுத்துவிட்டது. லாரிகள் நின்றன. உடனே திட்டம் தள்ளிவைக்கப்பட்டு, ஏப்ரல் 1 அன்றுதான் தொடங்கியது. 2021 ஜூனில் வருமான வரியின் புதிய தளம் தடுமாறியபோது கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதி டிசம்பர் 31 வரை நகர்ந்தது. நல்லதுதான். ஆனால் தனி ஒரு அக்காவின் விண்ணப்பம் பாதியில் போனால் எந்தத் தேதியும் நகராது. அவருக்குக் கூலி மீட்டர் கணக்கு. பகலில் வந்தால் தறி நிற்கும், கூலி போகும். ராத்திரி வந்தால் தூக்கம் போகும். பக்கத்தை மோசமாக அமைத்தவர் செலவழிக்க மறுத்த நேரத்தை, அவர் தன் மீட்டரிலிருந்து கட்டுகிறார்.

அதைவிடப் பெரிய இழப்பு, நம்மளுக்குத்தான் தெரீல என்ற நினைப்பு. ஒருவர் இரண்டு, மூன்று முறை இப்படித் தோற்றால் நாலாவது முறை வருவதில்லை. உரிமைப்பட்ட பணத்தையே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார், அல்லது யாரிடமாவது காசு கொடுத்து, ஆதார் எண்ணையும் ஓடிபியையும் சொல்லிவிட்டு வருகிறார். கோணலான படிவம் திறமைசாலிகளைக்கூடத் தங்களைத் தாங்களே மட்டமாக நினைக்க வைக்கிறது. மெதுவான இணைப்பு இப்படிச் செய்வதில்லை. அது எல்லோரையும் ஒன்றுபோலக் காக்க வைக்கிறது, யாரையும் முட்டாளாக்குவதில்லை.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவோம். திரை சுற்றிக்கொண்டே இருந்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பக்கம் நம் பெயரையே ஏற்க மறுத்தால், எழுதியதை அழித்தால், தமிழ்நாட்டுக்காரரிடம் தமிழில் பேசாவிட்டால், அதைப் பொறுக்கத் தேவையில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எந்தக் கட்டத்தில் என்ன ஆனது என்று இரண்டு வரி எழுதி, அந்தத் துறைக்கே அனுப்புங்கள். ஒருவர் எழுதினால் குப்பைக்குப் போகலாம். நூறு பேர் எழுதினால் யாராவது ஒருவர் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இணையதளம் செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியிடும் முன் ஒரு நாள், விலை குறைந்த கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு தறிக் கூடத்துக்கு வாருங்கள். தகரக் கூரையின் கீழே உட்கார்ந்து, நீங்கள் செய்த படிவத்தை நீங்களே நிரப்பிப் பாருங்கள். இனிஷியலோடு ஒற்றைப் பெயர் கொண்ட ஒரு பிள்ளைக்காக நிரப்புங்கள். உங்களால் முடித்துவிட முடிந்தால் எங்களாலும் முடியும்.

பக்கத்தில் யாராவது உட்கார்ந்து "எனக்கு ஒன்னும் தெரீல" என்று சொன்னால், தயவுசெய்து தலையாட்டாதீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை, பக்கத்தின் மேல் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.