பத்துக் காசின் பேச்சு

கடமையைச் செய்பவனுக்குக் கூலி கொடுக்கலாமா? கொடுத்தால் அந்த நன்மை நன்மையாகவே நிலைக்குமா? அறநூலார் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினா, நமக்கு அண்மையில் ஒரு கழிப்பிடத்தின் வாசலில் எழுந்தது. வாசகர் முகம் சுளிக்க வேண்டாம். இப்பொருளைப் பேசத் திருமறையே நாணவில்லை. பாளையத்துக்கு வெளியே ஓரிடம் ஒதுக்கி, கையோடு ஒரு கோலைக் கொண்டுபோய், குழி தோண்டி மூடிவிட்டு வரவேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 23-ஆம் அதிகாரம் இஸ்ரயேலருக்குக் கட்டளையிடுகிறது. ஆண்டவர் அந்தப் பாளையத்தின் நடுவே உலவுகிறார் என்பதே அங்குச் சொல்லப்படும் காரணம். வெகுமதி என்ற பேச்சே இல்லை.

சேலத்தின் ஊடே செல்லும் திருமணிமுத்தாறு, நகரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டத்தில் இறங்கி, பரமத்தி வேலூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. அக்காவிரியின் கரையோடு இன்னும் கீழே சென்றால் முசிறி வரும். அங்கே நிலத்தடி நீர் மிக மேலே நிற்பதால், கழிப்பறைக்குக் குழி வெட்டினால் கழிவு குடிநீரோடு கலக்கும் ஆபத்து உண்டு. ஆகவே 'ஸ்கோப்' என்னும் திருச்சித் தொண்டு நிறுவனம், பின்னர் 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மராச்சி சுப்புராமனின் தலைமையில், தரைக்கு மேலேயே அமையும் உலர் கழிப்பறைகளை அப்பகுதியில் பரப்பியது. மலத்துக்கு ஒரு வழி, சிறுநீருக்கு ஒரு வழி, கால் கழுவும் நீருக்கு ஒரு வழி. மலத்தின்மேல் சாம்பலைத் தூவி, அறை நிரம்பியதும் மூடிவைத்தால் சில மாதங்களில் நாற்றமற்ற எருவாகிவிடும். சிறுநீர் வயலுக்கு உரமாகும். இத்தகைய பொதுக் கழிப்பிடம் ஒன்றில்தான், 2008-ஆம் ஆண்டில், பயன்படுத்துவோருக்கு ஒரு முறைக்குப் பத்துக் காசு கொடுக்கத் தொடங்கினார்கள். நம் பேருந்து நிலையங்களில் உள்ளே போகிறவர் காசு கொடுக்கிறார். முசிறியில் வாங்கிக்கொண்டு போனார்.

ஃபேர்லேண்ட்ஸ் போன்ற வசதியான குடியிருப்பில் இருந்து இதைக் கேட்போருக்கு முதலில் சிரிப்பு வரும். பிறகு சற்றுக் கோபமும் வரும். கழிப்பறைக்குப் போகக் காசா? நாளை பல் துலக்கவும் கேட்பார்களே! ஏழையைச் சோம்பேறியாக்கும் வேலை அன்றோ இது? இவ்வாறு கேட்பவர் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. நம் வீட்டு வாசலுக்கு வரும் சாலை, குழாய் நீர், சாக்கடை, குப்பை வண்டி ஆகிய யாவும் பொதுப் பணத்திலிருந்து வந்தவை. அவற்றுக்கு நாம் செலுத்தும் வரி முழு விலையாகாது. தூய்மையாக வாழ்வதற்கு ஊக்கத்தொகை பெற்றவர்கள் முதலில் நாம்தான். அதைக் கையில் எண்ணி வாங்காததால் நமக்குத் தெரியவில்லை.

பத்துக் காசு என்பது எவ்வளவு? நாளுக்கு ஒருமுறை நால்வர் கொண்ட குடும்பம் சென்றால் மாதத்துக்கு 12 ரூபாய். அந்தக் காசை அப்போதே கடைக்காரர் வாங்கத் தயங்குவார். 2011 ஜூன் மாத முடிவோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் சட்டப்படியே செல்லாக் காசாயின. இத்தொகைக்காக ஒருவர் தம் பழக்கத்தை விற்றார் என்பது நம்பத்தக்கதன்று. அந்தக் காசு வேறொன்றைச் சொல்லியது என்றே நான் கருதுகிறேன். "உங்களிடமிருந்து வருவதும் ஒரு பொருள், அதை நிலத்துக்காக நாங்கள் விலைக்கு வாங்குகிறோம்" என்றது அது. கொடுப்பவராக ஏழை நடத்தப்பட்டார். பிச்சைக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

காசு பேசும் என்பதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. இஸ்ரயேலின் ஹைஃபா நகரில் சில குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளைகளைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடிற்று! அபராதத்தை நீக்கிய பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இது. ஆசிரியையைக் காக்கவைக்கக் கூசிய பெற்றோரிடம், "காத்திருத்தலுக்கு விலை இவ்வளவுதான்" என்று அபராதம் சொல்லிவிட்டது. ஆகவே எவ்வளவு தருகிறோம் என்பதைவிட, அத்தொகை பெறுபவரைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையே நாம் ஆராய வேண்டும். தண்டனைக்கு அஞ்சி நன்மையைச் செய்யத் தொடங்குபவன், பழக்கத்தால் பின்னர் அதை மகிழ்வோடும் தன் விருப்பத்தோடும் செய்யக்கூடும் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதுகிறார். கைக்காசுக்காகத் தொடங்குபவனுக்கும் அவ்வாய்ப்பை ஏன் மறுக்க வேண்டும்?

தனி மனிதருக்குத் தரும் காசைவிட, ஊர் முழுவதற்கும் தரும் பரிசும் பட்டமுமே எனக்கு அச்சம் தருகின்றன. 2003-இல் நடுவண் அரசு 'நிர்மல் கிராம்' விருதை அறிவித்தது. திறந்தவெளியில் மலங்கழிக்கும் வழக்கத்தை முற்றும் ஒழித்த ஊராட்சிகளுக்குப் பணமும் பாராட்டும் கிடைத்தன. விருது பெற்ற ஊர்கள் பலவற்றில் பழைய வழக்கம் திரும்பியதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. அதுகூடப் பொறுக்கத்தக்கது. ஊரின் பெருமைக்கு ஓர் ஏழை வீடு தடையாக நிற்கும்போது நேர்வது என்ன? மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்தில் பாவ்கேடி என்னும் சிற்றூர் உள்ளது. 2019 செப்டம்பரில் அங்கே தலித் குழந்தைகள் இருவர் சாலையோரம் மலங்கழித்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் வீட்டில் கழிப்பறை இல்லை. ஊரோ திறந்தவெளி மலங்கழிப்பு அற்றது என ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது. அக்கொலையைச் செய்தது பட்டமன்று, சாதிதான். ஆயினும் அக்குழந்தைகளின் வீட்டுக் குறையை ஏட்டில் மறைத்துவைத்தது அந்தப் பட்டம். முசிறியின் காசு அவரவர் கையில் தனித்தனியே விழுந்தது. அங்கே ஒருவரின் பரிசு அடுத்த வீட்டாரைக் காவல் காப்பதைச் சார்ந்திருக்கவில்லை.

இவ்வளவும் பயன்படுத்துவோரைப் பற்றியது. நம் கழிவை அகற்றுவோரைப் பற்றி ஊக்கத்தொகைத் திட்டங்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலை 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் மற்றொரு சட்டமும் தடை செய்தன. கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர வேண்டியிருந்தது என்பதே சாவுகள் நிற்கவில்லை என்பதற்குச் சான்று. இறந்தபின் 30 லட்சம். உயிரோடு குழிக்குள் இறங்கும் நாளில் சில நூறு ரூபாயும் ஒரு புட்டி மதுவும். இந்தக் கூலி அவரைப் பற்றி என்ன சொல்கிறது?

குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளரின் கையில் நாம் தருவதும் ஒரு பேச்சுதான். சோற்று மிச்சமும் உடைந்த கண்ணாடியும் பயன்படுத்திய ஊசியும் ஒரே பையில் கட்டப்பட்டுச் செல்கின்றன. பிரித்துத் தரவேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. அப்படிப் பிரிப்பதற்கு ஒரு வீட்டுக்கு எத்தனை பத்துக் காசு தேவைப்படும் என்று ஃபேர்லேண்ட்ஸின் தெருக்களில் இதுவரை எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.