உலாவிக்கு ஊதியம் தருபவர் யார்?

கூலி கேளாமல் உழைப்பவனுக்கு யார் சோறிடுகின்றனர் என்று வினவுவது பண்புக் குறைவாகாது. அவன் நம் வீட்டுத் திறவுகோலையும் வைத்திருப்பவனாயின், வினவாதிருப்பதே குறையாகும். கணினியிலும் கைப்பேசியிலும் இணையத்தைத் திறந்து காட்டும் உலாவி அத்தகைய பணியாளே. எந்த நோயைப் பற்றிப் படித்தோம், எந்த வங்கிக்குள் நுழைந்தோம் என்பனவெல்லாம் அது அறியும். “எல்லாம் இலவசம், பாட்டி” என்று பெயரன் கூறிய நாளிலிருந்து இவ்வினா நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

கூகுள், ஆப்பிள், மைக்ரோசாப்ட் ஆகிய பெருநிறுவனங்கள் தத்தம் உலாவியைப் பிற வருவாயைக் கொண்டு நடத்த வல்லவை. அவற்றைச் சாராத உலாவிகள் பிழைப்பது எங்ஙனம்? விலைக்கு விற்பதே நேரிய வழியென்று தோன்றும். நார்வே நாட்டு ஓப்பரா அவ்வாறே செய்தது. ஆயின் விண்டோஸுடன் மைக்ரோசாப்ட் தன் உலாவியை இலவசமாக வழங்கிய பின்னர், விற்போர் நிலைப்பது அரிதாயிற்று. ஓப்பரா 2000-இல் விளம்பரம் தாங்கிய இலவச வடிவை வெளியிட்டது. 2005-இல் அவ்விளம்பரத்தையும் நீக்கித் தேடுபொறிப் பணத்தை நாடியது.

அப்பணம் வரும் வழி எளிது. உலாவியில் நாம் ஒரு சொல்லைத் தட்டினால் அது முன்னரே அமைத்து வைத்த தேடுபொறிக்குச் செல்கிறது. அந்நிறுவனம் தன் விளம்பர வருவாயில் ஒரு பங்கை உலாவிக்குத் தருகிறது. 2004-இல் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் இவ்வாறே வாழ்கிறது. அதனை நடத்தும் மொசில்லாவின் 2022-ஆம் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 59 கோடி டாலர். அதில் 51 கோடி இவ்வகையில் வந்தது. பெரும்பகுதியைத் தந்தது கூகுள். போட்டி உலாவியான குரோமின் உரிமையாளரும் அதுவே.

இது நம்பிக்கைத் துரோகமா? ஒப்பந்தம் ஊரறிந்தது, வேண்டாதவர் தேடுபொறியை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே குற்றமில்லை என்று சொல்ல நா எழுகிறது. எனினும் நம் பழைய நிகழ்ச்சி ஒன்று அதனைத் தடுக்கிறது.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் துணைநூல் விற்பவர் ஒருவர் வந்தார். நூல் நல்லதே. விற்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு சிறு தொகை தருவதாகச் சொன்னார். “நல்ல நூல் என்று நீங்களே சொல்கிறீர்கள், டீச்சர், பிறகென்ன தயக்கம்?” என்றார். விடை தோன்றவில்லை, வாங்கிக்கொண்டோம். அவ்வாண்டு மாணவியருக்கு நாம் உரைத்தது பொய்யன்று. மறு ஆண்டு அதனினும் சிறந்த நூலொன்று வந்தது. அதனைப் பற்றி வகுப்பில் நாம் வாய் திறக்கவில்லை. பணம் நம் சொல்லைக் கெடுக்கவில்லை. மறு ஆண்டு மௌனத்தை விலைக்கு வாங்கிவிட்டது.

ஒரே இடத்திலிருந்து உண்பவரின் இடர் இதுவே. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டத்திற்குப் புறம்பான முற்றுரிமை கொண்டுள்ளது எனத் தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்தாரேனும், பணம் தருவதைத் தடுக்கவில்லை. நிறுத்தினால் பெறுவோர்க்குக் கேடு விளையும் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. கட்டை அவிழ்த்தால் கட்டுண்டவரே வீழ்வர் என்னும் நிலை!

பிரேவ் என்னும் உலாவியின் செயல் வேறு வகையினது. பின்தொடரும் விளம்பரங்களைத் தடுப்பதே அதன் பெருமை. 2020 ஜூனில், சில மின்பண வணிகத் தளங்களின் முகவரியைப் பயனர் தட்டும்போது, தனக்குத் தரகு தரும் குறியீட்டை அதனோடு சேர்த்து நிரப்பியது தெரியவந்தது. பயனருக்கு ஒரு காசும் கூடுதல் செலவில்லை. தலைவர் பிரெண்டன் ஐக் தவறென ஒப்புக்கொண்டார், அது திருத்தப்பட்டது. தொகை சிறிதெனினும் குற்றம் சிறிதன்று எனக் கருதுகிறோம். மாணவி எழுதிய கடிதத்தில், அவள் அறியாமல் நம் பெயரையும் இடையில் எழுதிவிட்டாற் போன்றது அது.

வாக்குறுதியும் எண்ணத்தக்கது. பயனர் தரவை என்றும் விற்கமாட்டோம் என்று கூறிவந்த ஃபயர்பாக்ஸ், 2025 பிப்ரவரியில் அவ்வாசகத்தை நீக்கிற்று. ‘விற்பனை’ என்பதற்குச் சில இடங்களில் சட்டம் தரும் பொருள் மிக விரிந்தது என விளக்கமும் தந்தது. விளக்கம் மெய்யே ஆகலாம். ஆனால் வாக்குறுதி கொடுத்தவர் சட்ட நூலைப் பார்த்துக் கொடுத்திருக்க, கேட்டவர் சொல்லின் வழக்குப் பொருளையன்றோ நம்பினார்?

வேறு வழி நாடுவோரும் உளர். ககி நிறுவனத்தின் ஓரியன் உலாவி, விளம்பரத்தை விடுத்துப் பயனர் தரும் பணத்தை நம்புகிறது. 2024-இல் இலாப நோக்கற்ற அமைப்பாக நிறுவப்பெற்ற லேடிபேர்ட், நன்கொடையை மட்டும் ஏற்போம், தேடுபொறி ஒப்பந்தம் செய்யோம் என அறிவித்தது. பலரும் சிறிது சிறிதாகத் தந்தால், ஒருவர் விலகினும் உலாவி வீழாது. எவருக்கும் ‘மாட்டேன்’ எனச் சொல்லும் துணிவு அதற்கு இருக்கும். நாளிதழுக்கும் பாலுக்கும் மாதந்தோறும் பணம் தரும் நாம், இதற்குத் தர மறுப்பதும் குற்றத்தில் ஒரு பங்கே.

அவ்வெண்ணத்தால் ஃபயர்பாக்ஸுக்குச் சிறு தொகை அனுப்பும்படி பெயரனிடம் கூறினோம். சற்று நேரம் படித்துவிட்டு அவன் நிமிர்ந்தான். மொசில்லா அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடை அதன் பிற பொதுப்பணிகளுக்கே செல்லுமாம். உலாவியை உருவாக்குவது அதற்கு உடைமையான தனி நிறுவனமாம். “உலாவிக்கென்று போட இங்கே உண்டியல் இல்லை, பாட்டி” என்றான்.