பாதி மிதித்த கால்

விடியற்காலையில் போடிமெட்டு மலைச்சாலையில் நின்றால், ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு பழைய ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் போவதைப் பார்க்கலாம். எல்லாம் வயதான வண்டிகள். எந்த வண்டிக்கு என்ன குறை என்பது பழகிய காதுக்குத் தெரியும். அவற்றில் ஒரு குறை மட்டும் மனத்தைவிட்டு அகலாது. வளைவு திரும்பியதும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார், எஞ்சின் உறுமுகிறது, அந்த உறுமலுக்கு ஏற்ற நகர்வு இல்லை. மெல்ல ஒரு கருகல் நாற்றம் எழுகிறது. எஞ்சினில் பலம் இருக்கிறது, சக்கரமும் சரியாகத்தான் இருக்கிறது, பலம் மட்டும் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

பட்டறையில் இதற்கு ஒரு சோதனை உண்டு. ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விடுவார்கள். எஞ்சினைச் சக்கரத்தோடு சேர்க்கும் கிளட்ச் நன்றாக இருந்தால் எஞ்சின் திணறி அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று பொருள். இந்தச் சோதனை நம்மைச் சற்றே யோசிக்க வைக்கிறது. சக்கரம் படும் தடையை எஞ்சின் தானும் உணர்ந்து திணறுவதுதான் இங்கே ஆரோக்கியம். சக்கரம் கட்டுண்டு கிடக்கும்போதும் ஒன்றும் நடக்காததுபோல் சுழன்றுகொண்டிருப்பதுதான் நோய். நமக்குக் கீழே உழைப்பவரின் இடர் நம்மை எட்டாமல் நம் நாள் சீராக ஓடுகிறதென்றால், அந்தச் சீரையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும் அல்லவா?

பழைய ஜீப்பில் கியர் பாக்ஸை இறக்குவது பெரிய வேலை. டிரான்ஸ்ஃபர் கேஸும் கூடவே இறங்க வேண்டும். அத்தனை சிரமத்துக்குப் பிறகு வெளியே வரும் பிளேட்டை ஓரமாக எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுகிறவர்களே அதிகம். அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். லைனிங் ரிவெட் தலைவரை தேய்ந்திருக்கிறது. சில ரிவெட்டுகள் லைனிங்கையும் தாண்டித் துருத்திக்கொண்டு, எதிரே எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலின் முகத்தில் வட்டமாகக் கோடு கிழித்திருக்கின்றன. பளபளப்பாக இருக்க வேண்டிய அந்த வார்ப்பிரும்பில் அங்கங்கே கருநீலத் திட்டுகள். அளவு மீறிச் சூடேறிய இடங்கள் அவை. வண்டியை ஓட்டியவரின் வழக்கம் முழுதும் இந்த இரண்டு முகங்களிலும் பதிந்திருக்கிறது.

‘ஓவர்லோடு ஏற்றியதால் போய்விட்டது’ என்று எல்லோரும் சொல்வார்கள். பாரத்தின்மேல் பழி போடுவது எளிது. பாரத்துக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் கொழுக்குமலையைப் பாருங்கள். தேனி மாவட்டத்து மண் அது. வண்டி ஏற வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் ஏற வேண்டும். சுமார் 8000 அடி உயரத்துக்கு ஏறும் அந்தக் கற்பாதையில் ஆட்களை நிறைத்துக்கொண்டுதான் ஜீப்புகள் போகின்றன. லோ கியரில் போட்டு, கிளட்சை முழுதாக விட்டு, எஞ்சினை அதன் போக்கில் இழுக்க விடுகிறவரின் பிளேட் நெடுநாள் உழைக்கிறது. அதே பாதையில், அதே பாரத்தோடு, ஒவ்வொரு கல்லுக்கும் பெடலைப் பாதி மிதித்தபடி ஹாஃப் கிளட்சில் தொங்குகிறவரின் பிளேட் சீக்கிரமே கருகிவிடுகிறது.

காரணம் கிளட்சின் அமைப்பிலேயே இருக்கிறது. அதன் இயல்பு நிலை சேர்க்கை. நாம் பெடலைத் தொடாதவரை, பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்குகள் பிளேட்டை ஃப்ளைவீலோடு இறுக அழுத்திப் பிடித்திருக்கின்றன. பிரிப்பதற்குத்தான் நம் கால் தேவைப்படுகிறது. முழுதாகச் சேர்ந்திருக்கையில் இரண்டுக்கும் ஒரே வேகம். வழுக்கல் இல்லை, அதனால் தேய்வும் இல்லை. முழுதாகப் பிரிந்திருக்கையில் உரசலே இல்லை, அங்கும் தேய்வில்லை. தேய்வதெல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவே, சேர்ந்தும் சேராமலும் இருக்கும் அந்தப் பொழுதில்தான்.

அதற்காக அந்த நடுப்பொழுதை வெறுத்துவிடவும் முடியாது. சுழல்கின்ற எஞ்சினையும் நின்றிருக்கும் சக்கரத்தையும் ஒரே நொடியில் பிணைத்தால், ஒன்று எஞ்சின் அணையும், அல்லது ஏதாவது முறியும். வேகம் வேறான இரண்டு ஒன்றுசேர வேண்டுமானால், நடுவில் ஒன்று வழுக்கிக் கொடுத்து, அந்த வேற்றுமையைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வண்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் பிளேட் தன்னில் ஓர் அணுவளவு இழந்துதான் அதைக் கிளப்புகிறது. தொடக்கத்தில் இந்த விட்டுக்கொடுத்தல் கருணை. தொடங்கிய பிறகும் அது முடிவுறாமல் நீள்வதுதான் கேடு.

உராய்வு, ஒன்றையொன்று அழுத்தும் விசைக்கு ஏற்பவே அமையும் என்பதை 1699-இல் பிரான்சின் அமொந்தோன் எடுத்துரைத்தார். அசையாமல் பற்றியிருக்கும்போது உள்ள பிடி வேறு, வழுக்கத் தொடங்கிய பின் உள்ள பிடி வேறு என்பதை 1785-இல் வெளிவந்த, அதே நாட்டவரான கூலோமின் ஆய்வு விளக்கிற்று. பெரும்பாலான பொருள்களில் பின்னது முன்னதைவிடக் குறைவு. அப்படியானால், கிளட்ச் பெடலின்மேல் சும்மா வைத்திருக்கும் ஒரு காலின் எடை, அழுத்தத்தைச் சிறிது குறைக்கிறது. குறைந்த அழுத்தம் வழுக்கலைத் தொடங்கிவைக்கிறது. வழுக்கல் பிடியை மேலும் தளர்த்துகிறது. தளர்ந்த பிடி சூடேற்ற, அந்தச் சூடு எஞ்சியிருக்கும் பிடியையும் தின்கிறது. இத்தனையும் நிகழ்ந்துகொண்டிருக்க, கால் வைத்திருப்பவரோ தாம் எதையும் செய்யவில்லை என்றே மனமார நம்பிக்கொண்டிருக்கிறார்.

இந்த நம்பிக்கை நமக்குப் புதிதன்று. கடைச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்ட தந்தை நாள்தோறும் கல்லாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ‘நான் எதிலும் தலையிடுவதில்லை’ என்கிறார். உண்மையாகவே அப்படி எண்ணுகிறார். ஆனால் சரக்குக்காரர் விலை பேசும்போது அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார். வேலையாள் மகன் சொன்னதைச் செய்யுமுன் அவர் பக்கம் திரும்புகிறான். பொறுப்பு மகனுடையது, அதிகாரம் பாதி தந்தையிடம். இதில் தேய்வது தந்தையும் அல்லர், மகனும் அல்லன். பகலில் கடையில் நடந்ததை இரவில் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஒருவர் சொல்லை மற்றவருக்கு மென்மையாக்கிச் சொல்லி, இரண்டு வேகங்களின் வேற்றுமையையும் தன் உறக்கத்தில் வாங்கிக்கொள்ளும் தாய்தான் தேய்கிறாள். அவள் ஒருநாள் சுருண்டு படுத்துக்கொண்டால், ‘வீட்டு வேலைப் பாரம்’ என்று இருவரும் ஒத்த குரலில் சொல்வார்கள்.

கொடுப்பது, வைத்துக்கொள்வது ஆகிய இரண்டுக்கும் அவற்றுக்குரிய நேர்மை உண்டு. இன்னும் சில காலம் நானே நடத்துகிறேன் என்று தந்தை சொல்வதில் தவறில்லை. மகன் பழகும்வரை கூட இருந்து பார்த்துக்கொள்வதும், வண்டி கிளம்பும்போது வேண்டியிருக்கும் அந்த வழுக்கலைப்போல, தேவையானதே. ஆனால் கொடுத்தேன் என்று ஊருக்குச் சொல்லி, கொடுக்காத ஒரு பங்கை மனத்துக்குள் பிடித்துக்கொண்டு, அப்படிப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தானும் அறியாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்கிற மனம், தன் அன்பினாலேயே தான் நேசிப்பவர்களுக்கு நடுவில் நிற்பவரைக் கருக்கிவிடுகிறது. எஞ்சினுக்கு உயிராக இருக்கும் எண்ணெயேகூட, பின்புற ஆயில் சீல் வழியே கசிந்து பிளேட்டின்மேல் பட்டுவிட்டால் நஞ்சுதான்.

ஆகவே மாற்றுவது வேறு, சரிசெய்வது வேறு என்று தெளிவோம். சீல் கசிகிறதா என்று பாராமல், கோடு விழுந்த ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துச் சமன் செய்யாமல், பெடலை மிதிக்கையில் கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங்கைத் திருப்பிப் பார்க்காமல், காலின் பழக்கத்தையும் மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால், பழையது போன வழியிலேயே புதியதும் போகும். நல்ல மெக்கானிக் கடைசியாக ஒரு வேலை செய்வார். பெடலுக்குக் கொஞ்சம் ஃப்ரீ பிளே விடுவார். ஏறத்தாழ ஓர் அங்குலம் மிதிக்கும்வரை எதுவும் நிகழாது. ரிலீஸ் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டிராமல் விலகி நிற்பதற்காக வேண்டுமென்றே விடும் இடைவெளி அது. அது இல்லாமல் போனாலே, யாரும் மிதிக்காதபோதும் கிளட்ச் பாதி மிதிபட்டதுபோல் ஆகிவிடும். உறவில் விடும் இடைவெளியை அலட்சியம் என்று வருந்துகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலைப்பாதையில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சிலிப் ஆகும் கிளட்ச் ஏற்றத்தில் இழுவையைக் குறைப்பதோடு நிற்பதில்லை. இறக்கத்தில் எஞ்சின் கொடுக்க வேண்டிய பிடியையும் தளர்த்துகிறது. அதன்பின் அத்தனை பேரின் உயிரும் அந்தப் பழைய பிரேக்கை மட்டும் நம்பித்தான் கீழே இறங்குகிறது. ஏலக்காய்ப் பறிப்பு முடியட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். கருகல் நாற்றம் வந்த அன்றே வண்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.